பேரேடும் வீடுவீடான விசாரணையும்: யூனிக்ஸ் சர்வரில் கோப்பகப் பட்டியல் ஏன் தாமதிக்கிறது

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பிறகு இந்த ஊரின் பிழைப்பு ரயிலேறிவிட்டது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் கிளம்பும் வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய்ச் சேரும். தாத்தா ஷிஃப்டுக்குக் கீழே இறங்கினார், பேரன் ஷிஃப்டுக்கு மேற்கே போகிறான். அப்படிப் போகிறவர்களில் சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களும் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்.

சில வருடங்களுக்கு முன் அந்த வண்டியில் இருந்தபோது ஓர் அழைப்பு வந்தது. "அண்ணா, சர்வர் தொங்கிப்போச்சு. செஷன் டைரக்டரியில எல்எஸ் அடிச்சா ஒண்ணுமே வரல. ரீபூட் பண்ணிப் பாத்தேன், இன்னும் மோசமாயிடுச்சு" என்றான் இரவு ஷிஃப்டில் இருந்த தம்பி. சர்வர் தொங்கவில்லை. சிபியு சும்மா கிடந்தது, நினைவகமும் தாராளமாக இருந்தது. ரீபூட் செய்ததும் ஏன் மோசமானது என்ற கேள்விக்குள்ளேயே நோயின் பாதி ஒளிந்திருந்தது. வண்டிச் சத்தத்தில் அதை அவனுக்கு விளக்க முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதையும் அதற்குப் பிறகு கற்றதையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சி இது.

கோப்பகம் என்றதும் கோப்புகளை அடுக்கிய பெட்டி ஒன்று மனதில் தோன்றுகிறது. யூனிக்ஸில் அது பெட்டி அல்ல, பேரேடு. ஒரு பெயர், அதற்கு எதிரே ஓர் எண், அவ்வளவுதான். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய முதற்கால யூனிக்ஸில் ஒரு பதிவு மொத்தமே 16 பைட்டு: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. அந்த எண்ணைத்தான் ஐநோடு எண் என்கிறோம். கோப்பின் அளவு, உரிமையாளர், தேதி, அனுமதிகள் எதுவும் பேரேட்டில் கிடையாது. எல்லாம் வட்டின் வேறோர் இடத்தில், அந்த எண்ணுக்குரிய ஐநோட்டில் இருக்கும்.

தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வழி உண்டு. தொழிலாளர் குடியிருப்புகளை நாங்கள் லைன் என்போம். ஆள் பெயரும் லைன் வீட்டு எண்ணும் மட்டும் எழுதிய ஒரு நோட்டு கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பெயரானாலும் உட்கார்ந்த இடத்தில் வாசித்து முடித்துவிடலாம். ஒவ்வொருவரின் வயது என்ன, வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், வெயிலில் இறங்கி லைன் லைனாக நடந்து, கதவு கதவாகத் தட்ட வேண்டும். வெறும் எல்எஸ் செய்வது நோட்டு வாசிப்பு. அதோடு மைனஸ் எல் சேர்த்தால் வீடுவீடான விசாரணை. பட்டியல் தாமதம் என்று என்னிடம் வந்த புகார்களில் மிகப் பெரும்பாலானவை விசாரணையின் தாமதங்கள். நோட்டே பழுதாக இருந்தது அபூர்வம். எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்னும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

'நான் மைனஸ் எல் போடவே இல்லையே' என்று பலர் சொல்வார்கள். அவர்கள் போடாவிட்டாலும் அவர்களுக்காக வேறொருவர் போட்டு வைத்திருப்பார். இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் எல்எஸ் என்று அடித்தால் ஓடுவது பெரும்பாலும் வண்ணத்தோடு கூடிய மாற்றுப்பெயர்தான். இது கோப்பகம், இது சாதாரணக் கோப்பு என்ற வகைப்பாடு மட்டும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் பேரேட்டிலேயே கிடைத்துவிடும். இயக்கக்கூடிய நிரலுக்குப் பச்சை நிறம் பூச வேண்டுமானால் அனுமதிகள் தெரிய வேண்டும், அதற்கு ஐநோட்டைத் தொட்டாக வேண்டும். ஒரு வண்ணத்துக்காக லட்சம் கதவைத் தட்டுகிறோம். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஷெர்லாக் கணினித் தொகுதியைப் பராமரிப்பவர்கள் இதை அளந்தே எழுதியிருக்கிறார்கள். வண்ண அமைப்பு மாறியில் இயக்க அனுமதி தொடர்பான சில நிறங்களை மட்டும் அணைத்ததும் பட்டியல் சுமார் 40 மடங்கு வேகமாக வந்தது. வண்ணமும் முழுதாகப் போய்விடவில்லை. ஒரு வரி மாற்றத்துக்கு இவ்வளவு பலன் தரும் இடம் கணினி நிர்வாகத்தில் அதிகம் இல்லை.

இனி ரீபூட் விஷயம். ஒருமுறை படித்த பெயர்களையும் ஐநோடுகளையும் கெர்னல் நினைவகத்தில் தேக்கி வைக்கிறது. அதனால்தான் முதல் எல்எஸ் நிமிடக் கணக்கில் இழுத்தாலும் இரண்டாவது நொடியில் முடிகிறது. ரீபூட் அந்தத் தேக்கத்தைத் துடைத்துவிடும், எல்லாவற்றையும் மறுபடி வட்டிலிருந்து எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வட்டில் தலை நகர்வதும் சுழற்சிக்குக் காத்திருப்பதும் சேர்ந்து ஒரு சிதறிய வாசிப்புக்குப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. நொடிக்கு நூறு வாசிப்பு என்று தாராளமாகவே வைத்தாலும், லட்சம் ஐநோடு சிதறிக் கிடந்தால் ஆயிரம் நொடி, ஏறக்குறைய பதினேழு நிமிடம். எக்ஸ்ட்4-இல் 4,096 பைட்டுக் கட்டம் ஒன்றில் 256 பைட்டு ஐநோடு 16 அடங்கும். வரிசையாகப் படிக்க முடிந்தால் 6,250 கட்டங்களே போதும். முடிவதில்லை, அதற்கொரு வரலாறு இருக்கிறது.

பழைய எக்ஸ்ட்2-இல் ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால் பேரேட்டை முதலிலிருந்து புரட்ட வேண்டும். கோப்பு பெருகப் பெருக ஒவ்வொரு திறப்பும் மெதுவாகும். 2002-இல் டேனியல் பிலிப்ஸ் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் முன்வைத்த ஹெச்-ட்ரீ என்ற சுட்டு இதைத் தீர்த்தது. பெயரை ஹாஷ் எண்ணாக்கி நேராக உரிய பக்கத்தைத் திறப்பது அதன் முறை. தனிப் பெயர் தேடல் பல மடங்கு விரைவானது, ஆனால் முழுப் பட்டியல் கேட்கும்போது பெயர்கள் ஹாஷ் வரிசையில் வருகின்றன. அதற்கும் ஐநோடு எண் வரிசைக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வரிசைப்படி விசாரிக்கப் போனால் முதல் வீடு மாரிக்குப்பத்தில், அடுத்தது கோரமண்டலில், மூன்றாவது மறுபடி மாரிக்குப்பத்தில். எஸ்எஸ்டி வந்தபின் இந்த அலைச்சலின் வலி மிகவும் குறைந்துவிட்டது. சுழலும் வட்டுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. காப்புப்பிரதிச் சர்வர்களில் பெரும்பாலும் சுழலும் வட்டுகளே இருப்பதை மறக்கக் கூடாது.

நோட்டே பழுதாகும் அபூர்வ வகையும் உண்டு, முதல்முறை பார்ப்பவர்களை அது திகைக்க வைக்கும். கோப்பகத்தில் நாலே கோப்பு இருக்கும், எல்எஸ் மட்டும் நொடிக்கணக்கில் திணறும். எப்போதோ அங்கே பத்து லட்சம் கோப்புகள் இருந்து, யாரோ அழித்திருப்பார்கள். எக்ஸ்ட்4-இல் கோப்பகம் வளரும், ஆனால் அழித்தால் சுருங்குவதில்லை. காலியான பக்கங்கள் காலியாகவே பேரேட்டில் நிற்கும், ஒவ்வொரு பட்டியலும் அத்தனையையும் புரட்டியாக வேண்டும். தாது எடுத்து முடிந்த குடைவு மூடிக்கொள்வதில்லை என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதற்கால யூனிக்ஸிலும் இதே வழக்கம்தான், அழித்த பெயரின் எண்ணைச் சுழியாக்கி இடத்தை அப்படியே விட்டுவிடும். கண்டுபிடிப்பது எளிது. கோப்பகத்துக்குள் போகாமல் கோப்பகத்தையே மைனஸ் எல்டி போட்டுப் பாருங்கள். 4,096 என்று காட்ட வேண்டிய இடத்தில் எட்டு இலக்க எண் நின்றால் இதுதான் நோய். கோப்பு முறைமையைக் கழற்றி வைத்து ஈ2-எஃப்எஸ்சிகே-வைப் பெரிய டி-யோடு ஓட்டினால் பேரேடு சுருங்கும். கழற்ற முடியாத சர்வரில் புதுக் கோப்பகம் ஒன்று உருவாக்கி, இருக்கும் கோப்புகளை அதற்கு நகர்த்திவிட்டு, பெயரை மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்எஃப்எஸ் காலியான கட்டங்களைத் திருப்பித் தந்துவிடும், அதில் இந்தச் சிக்கல் எழாது.

உரிமையாளர் பெயர் பற்றிச் சுருக்கமாக. ஐநோட்டில் இருப்பது பயனர் எண் மட்டுமே. அதைப் பெயராக்க எல்எஸ் இன்னொருவரைக் கேட்கிறது. பயனர் விவரம் எல்டாப் சர்வரில் இருந்து, அந்தச் சர்வர் பதில் சொல்லாமல் இருந்தால், பத்துக் கோப்புள்ள கோப்பகம்கூட நிற்கும். மைனஸ் எல்லுக்குப் பதில் மைனஸ் எல்என் போட்டுப் பாருங்கள், எண்ணாகவே காட்டும். அது சட்டென்று வந்துவிட்டால் வட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

வலைப்பின்னல் வழியாக வரும் கோப்பு முறைமைகளில்தான் விஷயம் ஆழமாகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அவ்வளவு கீழே போய்வர ஆகும் நேரம், மேலே கொண்டுவருவது ஒரு கல்லா ஒரு டன்னா என்பதைப் பொறுத்ததல்ல, பயணம் பயணம்தான். அவற்றில் ஒன்றான என்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கேள்வியும் அப்படியொரு பயணம். போய்வர ஒரு மில்லிநொடி என்று வைத்தால், லட்சம் கோப்புக்குத் தனித்தனியாகக் கேட்க நூறு நொடி. 1995-இல் வெளிவந்த என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் ரீட்டிர்-பிளஸ் என்ற கேள்வி சேர்க்கப்பட்டதன் காரணம் இதுவே. பெயர்களோடு அவற்றின் விவரங்களையும் ஒரே நடையில் ஏற்றி வந்துவிடும். பெயர் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு அதுவே வீண்சுமையும் ஆகலாம், அதற்காகத்தான் அதை அணைக்கும் மவுண்ட் விருப்பமும் வைத்திருக்கிறார்கள்.

என்எஃப்எஸ்ஸில் இன்னொரு வகை தாமதம் முடிவதே இல்லை. மறுமுனைச் சர்வர் விழுந்திருக்கும், மவுண்ட் 'ஹார்டு' வகையாக இருக்கும். எல்எஸ் காத்துக்கொண்டே இருக்கும். செயல்முறைப் பட்டியலில் அதன் நிலை டி, அதாவது குறுக்கிட முடியாத காத்திருப்பு, என்று தெரியும். டிஎஃப் கட்டளையும் சேர்ந்தே நின்றால் சந்தேகம் உறுதி. கவனிக்க வேண்டியது, நீங்கள் பார்க்கும் கோப்பகம் உள்ளூர் வட்டில் இருந்தாலும் இது நேரலாம். அதிலுள்ள ஒரே ஒரு குறியீட்டு இணைப்பு செத்த மவுண்டைச் சுட்டினால் போதும். வண்ணம் பூச நினைக்கும் எல்எஸ், அந்த இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கப் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

வலைப்பின்னலில் பட்டியல் தாமதிக்கும் இந்தப் பிரச்சினை முழு வடிவில் வெளிப்பட்ட ஒரு மென்பொருள் எங்கள் ரயில் போய்ச் சேரும் ஊரிலேயே வளர்ந்தது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கிளஸ்டர்எஃப்எஸ். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி இதைத் தொடங்கிய நிறுவனர்களில் ஒருவர். அதற்கு முன் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்கான தண்டர் என்ற மீக்கணினியை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. 2004-இல் அந்தக் கணினி உலக வரிசையில் இரண்டாம் இடம் பிடித்தது. கிளஸ்டரின் நிறுவனம் கலிஃபோர்னியாவில் இருந்தாலும் நிரல் எழுதிய குழு பெங்களூரில் இருந்தது. 2011 அக்டோபரில் ரெட் ஹாட் நிறுவனம் 13.6 கோடி டாலருக்கு அதை வாங்கியது.

கிளஸ்டரின் அழகு, விவரங்களுக்கென்று தனிச் சர்வர் இல்லாதது. கோப்பின் பெயரை ஹாஷ் செய்தால் அது எந்தச் சர்வரின் எந்தச் செங்கலில் இருக்கிறது என்று கணக்கிலேயே தெரிந்துவிடும். சேமிப்பின் ஒவ்வொரு பகுதியையும் அவர்கள் பிரிக் என்றே அழைத்தார்கள். யாரையும் கேட்காமல் நேரே போய்க் கோப்பைத் திறக்கலாம். பெயர் தெரிந்தவருக்கு இதைவிடச் சுலபமான வழியில்லை. பட்டியல் கேட்பவருக்கோ பெயர் தெரியாது. ஹாஷ் அவருக்கு உதவாது. ஒவ்வொரு செங்கலாகப் போய் 'உன்னிடம் யார் யார்?' என்று கேட்க வேண்டும். பிரதிகள் வைத்திருக்கும் அமைப்பில், விவரம் கேட்கும்போது பிரதிகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்ற சரிபார்ப்பும் சேர்ந்துகொள்ளும். கிளஸ்டரில் எல்எஸ் மைனஸ் எல் மெதுவாக இருக்கிறது என்பது அதன் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த குறை. தவறு யார்மீதும் இல்லை. ஒரு கேள்விக்கு விரைவாகப் பதில் சொல்லும்படி கட்டிய அமைப்பு இன்னொரு கேள்விக்கு விலை கொடுக்கிறது. அந்த விலையைக் குறைக்க அவர்கள் படிப்படியாக உழைத்தார்கள். பெயரோடு விவரத்தையும் சேர்த்து அனுப்பினார்கள், விவரங்களைப் பயனர் பக்கமே தேக்கி வைத்தார்கள், 2017-இல் வந்த 3.10 பதிப்பில் எல்லாச் செங்கல்களையும் ஒரே நேரத்தில் கேட்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

நடுவில் 2012-இல் ஒரு விபத்து. பட்டியலை எதுவரை படித்தோம் என்று நினைவில் வைக்க, கோப்பு முறைமை ஓர் அடையாள எண்ணைத் தரும். எக்ஸ்ட்4-இல் அது 32 பிட்டாக இருந்தது. அந்த எண்ணுக்கான இடத்தில் மிச்சமிருந்த பகுதியில் கிளஸ்டர் தன் செங்கல் எண்ணைச் செருகி வைத்திருந்தது. ஹாஷ் மோதல்களைத் தவிர்க்கக் கெர்னலில் அந்த எண்ணை 64 பிட்டாக விரித்தார்கள். செருகிய எண்ணுக்கு இடமில்லாமல் போய், எல்எஸ் எங்கே நின்றோம் என்று தெரியாமல் பேரேட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. பட்டியல் முடியவே இல்லை. கெர்னல்காரர்கள் செய்தது நியாயமான திருத்தம், கிளஸ்டர்காரர்கள் நம்பியது எங்கும் எழுதித் தராத ஓர் உத்தரவாதம். இரண்டு பக்கமும் அதை விரிவாக விவாதித்தன, கிளஸ்டர் தன் குறியீட்டு முறையை மாற்றிக்கொண்டது. கிளஸ்டரின் விற்பனை வடிவத்துக்கான ஆதரவை ரெட் ஹாட் 2024 இறுதியோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் பரவிய சேமிப்பில் பட்டியல் ஏன் கடினம் என்று படிக்க விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மேகச் சேமிப்பைக் கோப்பகம்போல மவுண்ட் செய்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. அமேசான் எஸ்3-இல் உண்மையில் கோப்பகமே கிடையாது, நீண்ட பெயர்கள்தான். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் ஆயிரம் பெயர் தரும். பத்து லட்சம் பொருளுக்கு ஆயிரம் பயணம், ஒன்றன்பின் ஒன்றாக. அங்கே எல்எஸ் அடிப்பதையே தவிர்ப்பதுதான் வழி.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்று ஒரு பகுதி சொல்ல வேண்டும், வேறெங்கும் இதைச் சொல்லக் காணோம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு. பெயருக்கு உச்சவரம்பு 255 பைட்டு என்பதால் 85 குறிகளோடு முடிந்துவிடும். 'கோ' என்பதே இரண்டு குறி. பேரேடும் அதற்கேற்பப் பருக்கும். அகரவரிசைப்படுத்துதல் அடுத்த செலவு, மொழி விதிப்படி ஒப்பிடுவது பைட்டுகளை நேரடியாக ஒப்பிடுவதைவிட வெகுவாக மெதுவானது. வேகத்துக்காக எல்சி-ஆல் மாறியைச் சி என்று வைக்கச் சொல்லும் அறிவுரையைத் தமிழ்ப் பெயருள்ள சர்வரில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகம் வரும், ஆனால் திரையில் தமிழ் மறைந்து எண்கோவையாக நிற்கும். எல்சி-கொலேட் மாறியை மட்டும் சி ஆக்கினால் வேகமும் கிடைக்கும், எழுத்தும் தெரியும். வரிசை மட்டும் நம் வரிசையாக இருக்காது. யூனிகோடில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து இருப்பதால், 'னகரம்' கடைசியில் வரும் நம் முறை குலையும். கிடைக்கும் வேகத்துக்கு இது சிறிய விலை என்றே நினைக்கிறேன்.

புகார் வந்ததும் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் மாற்றுப்பெயரைத் தவிர்க்கப் பின்சாய்கோடு போட்டு எல்எஸ்ஸை அழைத்து, வரிசைப்படுத்தாமல் வரிக்கொன்றாகக் காட்டும் மைனஸ் 1-யூ விருப்பத்தோடு நேரம் அளப்பேன். குனு எல்எஸ் இந்த வடிவில் பெயர்களைச் சேர்த்து வைக்காமல் வரவர அச்சிடும். இது சட்டென்று ஓடினால் பேரேடு நலம், விசாரணைதான் தாமதம். பிறகு மைனஸ் எல்என், அதன்பின் மைனஸ் எல். எந்தப் படியில் நேரம் குதிக்கிறது என்பதே பாதி விடை. மீதிக்கு, நிரல் கெர்னலுக்கு விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸ். மைனஸ் சி-யோடு ஓட்டினால் எந்த அழைப்பு எத்தனை முறை என்று கணக்குக் காட்டும், பெரிய டி-யோடு ஓட்டினால் ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தைக் காட்டும். ஒரே ஒரு அழைப்பு முப்பது நொடி எடுத்தால் எங்கோ ஒரு சர்வர் செத்திருக்கிறது. லட்சம் அழைப்பு தலா ஒரு மில்லிநொடி எடுத்தால் பயணங்களைக் குறைக்க வேண்டும். இரண்டும் பயனருக்கு ஒரேபோலத்தான் தெரியும், மருந்துதான் வேறு.

எத்தனை கோப்பு இருந்தால் அதிகம் என்று கேட்பவர்களுக்கு ஓர் எண்ணைச் சொல்ல நான் தயங்குவேன். அனுபவமுள்ளவர்கள் கட்டிய மென்பொருள்கள் என்ன செய்தன என்று பார்க்கலாம். கிட் தன் பொருள்களை ஹாஷின் முதல் இரண்டு எழுத்துப்படி 256 உட்கோப்பகங்களில் பிரிக்கிறது. ஸ்க்விட் இயல்பாக 16 கோப்பகம், ஒவ்வொன்றுக்குள்ளும் 256 என்று பிரிக்கிறது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் படங்களை ஹாஷ் எழுத்துப்படி இரண்டு அடுக்காகவே வைக்கிறது. முதல் நாளே இப்படிப் பிரித்தால் பத்து வரி நிரல். ஐந்து வருடம் கழித்து என்றால் பல இரவுகள்.

அன்று தம்பியின் சர்வரில் இருந்தவை பழைய அமர்வுக் கோப்புகள், யாரும் துடைக்காமல் லட்சக்கணக்கில் சேர்ந்துபோனவை. அவன் ஆர்எம் நட்சத்திரம் அடித்துப் பார்த்திருந்தான், வாதப் பட்டியல் நீளம் என்று ஷெல் மறுத்துவிட்டது. நட்சத்திரத்தைப் பெயர்களாக விரிப்பது ஷெல்லின் வேலை, அத்தனை நீளத்தைக் கெர்னல் ஏற்காது. கோப்பகத்தின் உரிமையாளரையும் அனுமதிகளையும், ஸ்டிக்கி பிட் உட்பட, முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பழைய கோப்பகத்தின் பெயரை மாற்றி, அதே பெயரில் அதே அனுமதிகளோடு புதிதாக ஒன்றை உருவாக்கச் சொன்னேன். இணையதளம் அந்த நொடியே மூச்சுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் மட்டும் மறுபடி உள்நுழைய வேண்டியிருந்தது. பழையதை ஃபைண்ட் கட்டளையின் டெலிட் விருப்பத்தால், வட்டு வேலையின் முன்னுரிமையைக் குறைக்கும் அயோநைஸ் போட்டு, அவசரமில்லாமல் அழித்தோம். அது முடிந்தபோது மாலை வண்டி கிளம்பிப் பங்காரப்பேட்டை வந்திருந்தது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் துடைக்கும் வரி இல்லாததை மறுநாள் காலையில்தான் சேர்த்தோம்.